மோட்டார் சீட்டுக்கு அடியில் ஒரு காலண்டர் தாள்

அறுபதைத் தாண்டிய நம் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் மோட்டார் ஓட்டுகிறீர்களோ தெரியாது. நான் ஓட்டுகிறேன். ஈப்போவில் காலைச் சந்தைக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் போய்வர எனக்கு ஒரு கப்சாய், சின்ன மோட்டார்சைக்கிள், இருக்கிறது. கார் வைத்திருக்கும் தோழிகள், "இந்த வயசுல ஒனக்கு இது தேவையா லா?" என்பார்கள். அவர்கள் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற நேரத்தில் நான் கீரை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

போன மாதம் என் கப்சாயின் சீட் ஆடத் தொடங்கியது. சீட்டின் பின்புறத்தைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி தளர்ந்துவிட்டது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. மகன் போனில், "கடையில குடுங்கம்மா, நீங்க ஏன் அதப் போட்டு நோண்டுறீங்க?" என்றான். நான் யார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்? ஒரு மத்தியானம் கார் போர்ச்சில் பழைய பேப்பரை விரித்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. அதற்கு முட்டிவலி ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்காவது ஏதாவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த மழைக்காலம் அது. ஆயர் தாவாரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தோட்டம். இன்று போனால் செம்பனைதான் நிற்கிறது. அன்று எல்லாம் ரப்பர். அப்பா பாலுக்கு மரம் வெட்டினார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பால் ஸ்டோரில் வேலை செய்தார். வெட்டி வந்த பாலை நிறுத்து, ஆசிட் விட்டு உறைய வைக்கிற இடம் அது. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் புளித்த வாடையும் கூடவே நுழையும். எனக்கு அந்த வாடை பிடிக்கும். அதை இப்போது எங்கே போய் மோந்து பார்ப்பது?

அப்பாவிடம் ஒரு பழைய கப்சாய் இருந்தது. அதன் சீட்டைத் தூக்கினால்தான் எண்ணெய் ஊற்றுகிற மூடி தெரியும். சீட்டின் அடிப்பக்கம் தகரம், குழிவாக இருக்கும். குழிவின் குறுக்கே ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பிக்குள்தான் அப்பாவின் அலுவலகமே இருந்தது. ரோட்டு டேக்ஸ் தாள், துடைக்கிற துணி, ஆஸ்பத்திரித் துண்டுத்தாள் எல்லாம் அதற்குள் செருகியிருக்கும். கொக்கி தேய்ந்துபோய் சீட் ஆடத் தொடங்கியபோது, ஆட்டத்தை நிறுத்த அட்டைத் துண்டுகளையும் மடித்த காலண்டர் தாள்களையும் அதே குழிவில் திணித்தார். இரண்டு நாள் சும்மா இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி அடிக்கும். அப்பா தோட்டத்துக்குள் நுழைவதை நாங்கள் அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வோம்.

பன்னிரண்டு வயதானால் ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஐசிகள் இரண்டு நிறத்தில் இருந்தன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குடிமக்களுக்கான நீலம். சித்தப்பாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு. இருவரும் ஒரே தாய்க்கு ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். அப்பா பிறந்தபோது இருந்த கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா, பிறப்பை ஆபீசில் எழுதிக் கொடுத்தார். சித்தப்பா பிறந்தபோது இருந்தவர் எழுதவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சித்தப்பா எத்தனை வேலைக்கு எழுதிப் போட்டார், எத்தனை இடத்தில் ஐசியைப் பார்த்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சிவப்பு அழகாக இருக்கிறதே என்று நினைத்திருக்கிறேன்.

அப்பா டவுனுக்குப் போய் என் ஐசிக்கு மனுக் கொடுப்பதற்கு முந்தின நாள், அம்மா இரும்புப் பெட்டியிலிருந்து என் பிறப்புப் பத்திரத்தை எடுத்தார். அதைச் சூராட்டு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். நாலாக மடித்து, கனமான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பெரிய கிராணி கொடுத்த உறை.

"இத அப்பா மோட்டார் சீட்டுல வச்சிரு. காலையில மறந்துட்டுப் போயிருவாரு" என்றார் அம்மா.

எனக்கு அந்த உறைமேல் ரொம்ப நாளாகக் கண். அப்போது மிட்டாய்த் தாள் சேர்ப்பேன். பளபளப்பான தாள்களை நகத்தால் நீவி நீவிப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்த உறை கிடைத்தால் எல்லாவற்றையும் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கலாம். சூராட்டுக்கு எதற்குக் கண்ணாடி உறை? சுவரில் தொங்கிய காலண்டரில் முந்தின மாதத் தாளைக் கிழித்து, அதில் சூராட்டைச் சுற்றினேன். சீட்டைத் தூக்கிக் கம்பிக்குள் செருகினேன். உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயந்திரம் அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சித்தப்பா ஒரு பால் டின்னில் ரப்பர்ப் பாலும் ஒரு சின்னப் போத்தலில் ஆசிட்டுமாக வந்தார்.

"அண்ணி, அண்ணன் நாளைக்கு டவுனுக்குப் போறாருலா? இந்த ஆட்டத்துல இடுப்பு கழண்டுரும். நான் சரி பண்ணிவச்சிட்டுப் போறேன்" என்று வாசலிலிருந்தே சொன்னார்.

நான் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே மிட்டாய்த் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சித்தப்பா சீட்டைத் திருப்பி, கொக்கியைக் கம்பி போட்டு இறுக்கியிருக்கிறார். பிறகு டேக்ஸ் தாள், துணி முதலானவற்றை உருவி எடுத்து வைத்துவிட்டு, அந்தக் குழிவில் பாலை ஊற்றி, ஆசிட் சொட்டு விட்டு உறைய வைத்திருக்கிறார். பால் ஸ்டோர்க்காரருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். உறைந்ததும் அது சீட்டுக்கும் வண்டிக்கும் நடுவே மெத்தை மாதிரி அழுத்திக்கொள்ளும். எனக்கு ஞாபகம் இருப்பது புளித்த வாடையும் அவர் விசிலடித்ததும் மட்டும்தான்.

காலையில் அப்பா கிளம்பியபோது சீட் சத்தமே போடவில்லை. "பாத்தியா எந்தம்பிய" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் என் காதில் நன்றாக நிற்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு அப்பா வாயிலிருந்து 'எந்தம்பி' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

மத்தியானம் நனைந்துபோய்த் திரும்பி வந்தார். "சூராட்டு எங்க?" என்றார். டவுன் ஆபீஸ் வாசலில் சீட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வழவழவென்று வெள்ளை ரப்பர் மட்டும் இருந்ததாம்.

"வச்சியா?"

"வச்சேன்பா."

"சாமி சத்தியமா?"

"சத்தியமா வச்சேன்பா."

அது உண்மைதான். எதில் சுற்றி வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உறை என் புத்தகப் பைக்குள் இருந்தது. கேட்காததற்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று இருந்துவிட்டேன்.

அப்பா பெரிய கிராணியிடம் ஓடினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மோட்டாரில வேற ஆர் கை வைச்சது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். அப்பா ஆபீசிலிருந்து நேராகப் பொதுக் குழாயடிக்கு வந்தார். சித்தப்பா அங்கே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். லயமே பார்த்தது. நானும் பார்த்தேன்.

"நீ எடுத்தியா?"

"எதண்ணே?"

"பிள்ளயோட சூராட்ட. சீட்டத் தொறந்தது நீதானே?"

"தொறந்தேன். ஒண்ணும் எடுக்கல அண்ணே."

"அப்ப அது எங்க போவும்? ஒனக்குக் கெடைக்காதது எம் பிள்ளைக்கும் கெடைக்கக் கூடாது. அதானே?"

வாளி நிரம்பி வழிந்தது. யாரோ குழாயை மூடினார்கள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. ஒரு குச்சியோடு தோட்டத்திலிருந்து டவுன் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் புல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார். மழையும் பெய்தது. குற்றம் செய்தவன்தான் இப்படித் தேடுவான் என்று சிலர் சொன்னார்கள். குற்றம் செய்யாதவன்தான் தேடுவான் என்று சிலர் சொன்னார்கள். அம்மா இரண்டு தரப்புக்கும் தலையாட்டினார். நான்காம் நாள் சித்தப்பா ஒரு பையோடு ஈப்போ பக்கம் லகாட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு உடனே ஐசி கிடைக்கவில்லை. அப்பா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். சத்தியப் பத்திரம் எழுதினார், சாட்சிக்கு ஆள் கூட்டிப் போனார். பள்ளியில் பிள்ளைகள், "ஒனக்குச் செவப்புதான் குடுப்பாங்க" என்றார்கள். பன்னிரண்டு வயதில் நிறத்துக்கு அழுத பிள்ளை நானாகத்தான் இருக்கும். நகல் வந்து, என் கைக்கு நீல ஐசி வந்தபோது பதினாலு வயது ஆகப்போகிறது. மிட்டாய்த் தாள்கள் எங்கே போயினவென்று தெரியவில்லை. அந்த உறையை ஆற்றில் விட்டேனா, அடுப்பில் போட்டேனா என்பதுகூட எனக்கு இப்போது குழப்பம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிற்று. என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவின் மோட்டார் சீட் மறுபடி ஆடத் தொடங்கியது. "ரப்பர் பழசாயிருச்சு" என்றார், அதற்கு மேல் பேசவில்லை. அதே வாரம், யாரும் சொல்லாமலேயே, கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த மோட்டாரிலேயே லகாட் வரைக்கும் போனார். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். சாயந்திரம் திரும்பி வந்து, "வீடு பூட்டியிருந்துச்சு" என்றார். கல்யாணத்துக்குச் சித்தப்பா வரவில்லை.

நாலு வருடத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். அன்று சித்தப்பா வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ரோட்டோரத்திலேயே நின்றார். சடலம் புறப்பட்டதும் போய்விட்டார். கருமாதி முடிந்து அப்பாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே என் கல்யாணப் பத்திரிகை உறை ஒன்று இருந்தது. மேலே அப்பாவின் கோணல் எழுத்தில் சித்தப்பாவின் பெயர். பத்திரிகையோடு சேர்ந்து, நாலாக மடித்த ஒரு தாள். என் பிறப்புப் பத்திரம். காணாமல் போன அசல். அதன் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த ரப்பர் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அந்த ரப்பரில் காலண்டர் தாளின் கிழிசல்கள், ஓர் ஓரத்தில் சிவப்பில் ஓர் எண்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. காணாமல் போனது எப்படி அப்பாவிடம்? முதலிலிருந்தே அவரிடம்தான் இருந்ததா? அப்படியென்றால் குழாயடியில் கத்தியது எதற்கு? சித்தப்பாதான் எடுத்து, பிறகு மனம் மாறிக் கொடுத்தாரா? அப்படியென்றால் அவர் பெயர் எழுதிய உறை ஏன் போய்ச் சேரவில்லை? ரப்பர் அதில் எப்படி ஒட்டியது? நாலு வருடமாக அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். லகாட் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். போகவில்லை. என்னவென்று கேட்பது?

இப்போது போர்ச்சுக்கு வருகிறேன். போன மாதம் சீட்டைத் தூக்கினேனா, கொக்கியைப் பார்த்தேன். ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. வேலையை ஆரம்பிக்கும் முன், எவ்வளவு இடைவெளி என்று பார்க்கலாமென்று, கைக்கு எட்டிய ஒரு தாளை மடித்துக் குழிவில் திணித்து, சீட்டை அழுத்தினேன். ஆட்டம் நின்றது. அப்பா செய்ததையே என் கையும் செய்கிறதே என்று சிரித்துக்கொண்டே மறுபடி தூக்கினேன். உள்ளே இருந்த தாளைப் பார்த்தேன். அது என் கண் டாக்டர் கொடுத்த அடுத்த தவணைத் தாள். அங்கே இருக்கும்போது அது வெறும் அடைப்புத் தாளாகத்தான் தெரிந்தது. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அப்போதுதான் உறைத்தது. சித்தப்பா சீட்டைத் திருப்பியபோது அங்கே அட்டைகளும் பழைய காலண்டர் தாள்களும் இருந்தன. நான் சுற்றி வைத்ததும் ஒரு காலண்டர் தாள்தான். அது அண்ணன் வைத்த அடைப்பு என்று நினைத்து, எல்லாவற்றின் மேலும் பாலை ஊற்றிவிட்டார். என் சூராட்டு எங்கேயும் விழவில்லை. யாரும் எடுக்கவில்லை. அப்பா அதன்மேல் உட்கார்ந்துதான் டவுனுக்குப் போனார், அதன்மேல் உட்கார்ந்துதான் திரும்பி வந்து தம்பியிடம் கத்தினார். பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்தால் சித்தப்பா கையில் எடுத்துப் பார்த்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வருடம் கழித்து, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, போர்ச்சில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு வேலையை முடித்தேன். கொக்கியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங்கை ஒரு சுற்றுத் தள்ளி மாட்டினேன். நட்டை முறுக்கினேன். சீட் அசையவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கல்யாணப் பத்திரிகை உறையை எடுத்துக்கொண்டு லகாட்டுக்குப் போனேன். அதைச் சீட்டுக்கு அடியில் வைக்க மனம் வரவில்லை. கைப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். கேட்டைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சத்தமில்லாம வந்துருக்கே. சீட்ட யாரு செஞ்சா?"

"நாந்தான் சித்தப்பா."

"ம்" என்றார். "உள்ள வா."

உறையை அவர் கையில் கொடுத்தேன். முதலில் பத்திரிகையைப் படித்தார். "இப்பத்தான் அழைக்க வாரியா? மொய்யெல்லாம் கேக்காதே" என்றார். பிறகு சூராட்டை விரித்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் இருந்த ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் தாள், பிளாஸ்டிக் உறை, மிட்டாய்த் தாள். சொல்லும்போது பன்னிரண்டு வயதுக் குரல்தான் வந்தது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"இங்க வந்து ரெண்டு வருசம் கழிச்சு, சைக்கிள் டியூப்பு ஒட்டிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் தோணுச்சு. அந்த அட்டைங்க நடுவுல ஒரு காலண்டர் தாள் மட்டும் புதுசா இருந்துச்சேன்னு. அண்ணன், எடுத்தியான்னு கேட்டாரு. எடுக்கல, அதச் சொன்னேன். பாத்தியான்னு கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்லா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சித்தப்பா?"

"சொன்னா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சான்னு கேப்பாரு. எனக்கும் வீம்பு."

ரப்பரைத் தடவிக்கொண்டே அவரே தொடர்ந்தார். "ஒங்கல்யாணத்துக்கு முந்தி அவரு வந்தாரு. நான் உள்ளதான் இருந்தேன். அந்த மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா? சீட்டு அடிச்சிக்கிட்டு வந்துச்சு. நான் ஊத்துன ரப்பரு இருந்தா அடிக்காது. பிச்சு எடுத்துட்டாரு, அப்ப சூராட்டும் கெடைச்சிருச்சுன்னு அங்கேயே வெளங்கிருச்சு. கேட்டுக்கிட்ட ரொம்ப நேரம் நின்னாரு."

"நீங்க ஏன் வெளிய வரல?"

"ஒரு ஹார்ன் அடிப்பாருன்னு பாத்தேன்" என்றார். "அவரு, நான் கதவத் தொறப்பேன்னு பாத்திருப்பாரு."

யார்மேல் கோபப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாமேல் பட்டேன், அவர் இல்லை. எதிரே இருந்தவர்மேல் பட்டேன், அவர் சூராட்டைத் திரும்ப நாலாக மடித்துக்கொண்டிருந்தார். என்மேல் பட்டேன். எதுவும் நிலைக்கவில்லை.

கிளம்ப எழுந்தபோது, சித்தப்பா என் கைப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஐசி குடுத்தாங்களா ஒனக்கு?"

"குடுத்தாங்க சித்தப்பா."

"நீலமா?"

"யார்கிட்டயும் நீங்க கேக்கவே இல்லியா, இத்தன வருசமா?"

"எப்படிக் கேப்பேன்? கேட்டா, நாந்தான் எடுத்தேன்னு ஆயிரும்லா."

நான் என் ஐசியை எடுத்து அவரிடம் நீட்டினேன். சட்டைத் துணியில் விரலைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். இன்னொரு கையால் சட்டைப் பையில் இருந்த தன்னுடைய ஐசியை எடுத்தார். இன்றுவரை சிவப்பு. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீலந்தான்" என்றார்.

அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நானும் கேட்கவில்லை.